ஒன்றும் சேர்க்காத கோப்பை

நாரின் நகரில் ஜனவரி.
பள்ளிப் படியில் வழுக்கி
எல்தியார் மணிக்கட்டை உடைத்துக்கொண்ட மறுநாள்
ஏழாம் வகுப்பு இரண்டாகப் பிளந்தது.
சாம்பல் தூவியிருக்கணும் என்றது பாதி.
உப்பு என்றது மீதி.
மணல் என்றவன் ஒருவன்தான்,
அவனுக்கும் குரல் இருந்தது.

அறிவியல் ஆசிரியைக்குக் காய்ச்சல்.
கத்திக் கத்தித் தொண்டை கட்டியபின்
சைகல் கரும்பலகையில் எழுதினாள்:
"எது நல்லது?"
எழுதிவிட்டு அவளே அழித்தாள்.
நல்லது என்பதை எந்த அளவுகோலால் அளக்க?
மூன்று முறை அழித்து எழுதியதில்
கேள்வி இப்படி இளைத்தது:
"நாற்பது நிமிடத்தில்
எந்தக் கோப்பையில் அதிகம் தண்ணீர்?"

நான்கு கோப்பை. ஒரே கடை, ஒரே அளவு.
நூறு மில்லி தண்ணீர் ஊற்றி
இரவெல்லாம் வெளியே விட்டோம்.
காலையில் நான்கிலும் கல்லாய்ப் பனிக்கட்டி.
ஒன்றில் ஒரு ஸ்பூன் உப்பு,
ஒன்றில் அதே ஸ்பூனால் சாம்பல்,
ஒன்றில் மணல்.
நான்காவதில் ஒன்றுமில்லை.
சீட்டுக் குலுக்கியதில்
அது எனக்கு.

அழாத குறை.
கன்ஷாய் உப்பைத் தூவும்போது சடசடவென்று சத்தம்,
எல்லாரும் குனிந்து கேட்கிறார்கள்.
என் கோப்பையின் வேலை
சும்மா இருப்பது.
சும்மா இருப்பதை நான் பார்த்துக்கொண்டிருப்பது.

நடைவழி ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தோம்.
நாற்பதாவது நிமிடம்
உருகியதை ஊசியில்லாச் சிரிஞ்சில் உறிஞ்சி அளந்தோம்.
உப்பு முப்பத்தொன்று.
மணல் பதினைந்து.
சாம்பல் பதினான்கு.
ஒன்றுமில்லாதது
இருபத்திரண்டு.

யாரும் பேசவில்லை.
ஒன்றுமில்லாமை சாம்பலை ஜெயிக்குமா?
"பெர்மெத் ஊதியிருப்பாள்" என்றான் எல்தியார்.
கட்டுப்போட்ட கை என்பதால் விட்டுவைத்தேன்.
கோப்பையை எடுக்கப் போனபோதுதான்
என் முழங்கால் சொன்னது:
ஜன்னலின் அந்தக் கோடியில், கீழே,
வெப்பக் குழாய்.

உருகவைத்தது இடம்.
நாங்கள் மாற்ற நினைத்தது ஒன்று,
எங்களுக்குத் தெரியாமல் மாறியது இன்னொன்று.
என் கோப்பை மட்டும் இல்லையென்றால்
குழாயருகே சாம்பல் நின்றிருக்கும்,
இருபத்திரண்டுக்கு மாலை போட்டு
ஊரெல்லாம் அடுப்பை வழித்துச் சாம்பல் அள்ளியிருப்போம்.

மறுபடி முதலிலிருந்து.
நான்கு நாள், நான்கு இடம்.
ஒவ்வொரு கோப்பையும்
ஒவ்வொரு இடத்திலும் ஒரு நாள்.
மூன்றாம் நாள் கன்ஷாயின் கை தட்டி
மணல் கோப்பை கவிழ்ந்தது.
"பதினைந்து என்று போடு, எப்படியும் அதுதானே"
என்றாள் சைகல்.
நான் எழுதினேன்: கொட்டிவிட்டது.
அந்தக் கட்டத்தில் எண்ணே இல்லை.
அட்டவணையில் அது பல் விழுந்த இடம் மாதிரி இருக்கிறது,
இருக்கட்டும்.

சராசரி போட்டோம்.
உப்பு முப்பத்துமூன்று.
சாம்பல் பதினாறு, மணல் பதினைந்து.
என்னுடையது பதினாறு.
அதாவது நடைவழியே பதினாறு உருக்குகிறது,
யார் தயவும் இல்லாமல்.
உப்பின் சொந்தச் சம்பாத்தியம் பதினேழு.
சாம்பலுக்குச் சொந்தமாய் எதுவுமில்லை.

"வெயிலில் வைத்துப் பார், கறுப்பு சூட்டை இழுக்கும்"
எல்தியார் விடவில்லை.
இருக்கலாம்.
அது வேறு கேள்வி,
வேறு பக்கத்தில் எழுது என்றோம்.
எழுதினான், இடது கையால், கோணல்மாணலாக.

வெள்ளிக்கிழமை மாலை காவலாளி துர்சுன் ஆகா
படியெங்கும் உப்பைத் தூவினார்.
கைப்பிடிச் சுவரை ஒட்டி
ஒரு சாண் அகலம் மட்டும்
விடச் சொன்னேன்.
எதற்கு என்றார்.
சும்மா இருக்கட்டும் என்றேன்.

திங்கள் காலை
பூச்சியத்துக்குக் கீழே இருபத்தைந்து.
உப்பிட்ட படியும்
உப்பிடாத ஒரு சாணும்
ஒன்றுபோல மின்னின.
எல்தியார் சிரித்த சிரிப்பில்
வாயிலிருந்து ஆவி பறந்தது.
நான் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
தேதி எழுதினேன்.